ஒரு வீடு கொடுத்தால் இரண்டு ஓட்டு

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஏ பிளாக்கில் 55 வீடுகள், பி பிளாக்கில் 28, சி பிளாக்கில் 17. ஐந்து பேர் கொண்ட செயற்குழுவுக்குத் தேர்தல். வழக்கம்போல வீட்டுக்கு ஒரு வாக்குச் சீட்டு, அதில் ஐந்து பேருக்கு டிக் போடலாம். ஏ பிளாக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஐந்து பேரை நிறுத்தினால் ஐவருக்கும் 55 ஓட்டு கிடைத்துவிடும். எதிர்த்து நிற்பவருக்கு பி, சி இரண்டு பிளாக்கும் முழுதாக ஓட்டுப் போட்டாலும் 45தான்.

ஆக ஐந்து இடமும் ஏ பிளாக்குக்கு. யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை, எண்ணிக்கையில் தவறில்லை, விதிமீறலும் இல்லை. ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் 45 வீடுகளுக்குக் கமிட்டியில் ஆளே கிடையாது. சி பிளாக் லிஃப்ட் மூன்று வாரம் நின்று கிடந்தாலும், கூட்டத்தில் அதை எழுப்ப ஒருவரும் இருக்க மாட்டார்.

இதே மாதிரியான ஒரு மனக்குறை நூறு ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரின் தேர்தல் முறையையே மாற்றியது. அதை மாற்றக் கிளம்பியது ஒரு வரி செலுத்துவோர் சங்கம். ஏறக்குறைய நம்மைப் போன்ற ஒரு சங்கம் என்றே சொல்லலாம். பிறகு அந்த முறை தீவு முழுவதும் பரவியது. வடக்கே அதை ஒழித்தார்கள், ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நடந்தவை அடுக்குமாடியில் வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

ஸ்லைகோவின் காலிக் கஜானா

ஸ்லைகோ அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு துறைமுக ஊர். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் அதன் நகராட்சி கடனில் மூழ்கிக் கிடந்தது. வரியை உயர்த்தாமல் மீள முடியாது. ஆனால் வரியில் பெரும்பங்கைக் கட்டிய வணிகர்களுக்கும், சிறுபான்மையினரான புராட்டஸ்டண்ட் மக்களுக்கும் நகராட்சி மன்றத்தில் பேச ஆள் இல்லை. எங்கள் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் அறையில் நாங்களே இல்லாதபோது, எதற்காகக் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி.

ஸ்லைகோ வரி செலுத்துவோர் சங்கம் ஒரு பேரத்துக்கு வந்தது. கூடுதல் வரிக்கு நாங்கள் சம்மதிக்கிறோம், பதிலுக்குத் தேர்தல் முறையை மாற்றுங்கள் என்றது. இருதரப்பும் உடன்பட்டன. 1918-ல் லண்டன் நாடாளுமன்றம் ஸ்லைகோ நகராட்சிக்காகவே ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றியது. 1919 ஜனவரி 15 அன்று தேர்தல் நடந்தது. பிரிட்டிஷ் தீவுகளில் ஒரு நகராட்சித் தேர்தல் விருப்ப வரிசை வாக்கு முறையில் நடந்தது அதுவே முதல் முறை.

அந்தத் தேர்தலின் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் முன்புதான், 1918 டிசம்பரில், நாடாளுமன்றப் பொதுத்தேர்தல் நடந்திருந்தது. அதில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ விடுதலை கோரிய ஷின் ஃபெயின் கட்சி அள்ளியிருந்தது. நாடே ஒரு பக்கம் சாய்ந்த நேரம். பழைய முறையில் நடந்திருந்தால் ஸ்லைகோவிலும் ஏதோ ஒரு தரப்பு வாரிக்கொண்டு போயிருக்கும். ஆனால் 24 இடங்களில் வரி செலுத்துவோர் சங்கத்துக்கு 8, ஷின் ஃபெயினுக்கு 7, தொழிற்கட்சியினருக்கு 5, சுயேச்சைகளுக்கு 4 என்று முடிவு வந்தது. தனியாக ஆளும் பெரும்பான்மை யாருக்கும் கிடைக்கவில்லை. அதே சமயம் ஊரின் எந்தப் பெரிய பிரிவும் அறைக்கு வெளியே நிற்கவில்லை.

எப்படி எண்ணுகிறார்கள்?

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம், தமிழகத்தில் ஆறு இடங்கள் காலியானால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு வேண்டும் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த 34 எங்கிருந்து வருகிறது? சட்டமன்றத்தின் மொத்த ஓட்டு 234. அதை இடங்களைவிட ஒன்று கூடுதலாக, அதாவது ஏழால் வகுத்தால் 33-க்குச் சற்று மேல். அடுத்த முழு எண் 34. ஆறு பேர் தலா 34 வாங்கிவிட்டால் ஏழாவது ஆளுக்கு அந்த அளவு மிச்சமிருக்காது. அவ்வளவுதான் சூத்திரம். இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர்.

இதையே நம் நூறு வீட்டுக் கணக்குக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து இடம் என்பதால் நூறை ஆறால் வகுக்க வேண்டும். தேவைப்படும் ஓட்டு 17. வீட்டுக்கு ஒரே ஓட்டுதான். ஆனால் சீட்டில் டிக் போடுவதற்குப் பதிலாக 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுகிறோம்.

ஏ பிளாக்கில் மூவர் நிற்கிறார்கள். முதல் விருப்பமாக அவர்களுக்கு 30, 15, 10 ஓட்டுகள் விழுகின்றன. 30 வாங்கியவர் 17-ஐத் தாண்டி வென்றுவிட்டார். மீதி 13 ஓட்டு வீணாகாமல், அவருக்கு வாக்களித்தவர்களின் இரண்டாம் விருப்பத்துக்குப் போகிறது. அதில் 9 இரண்டாமவருக்கும் 4 மூன்றாமவருக்கும் போனால், இரண்டாமவர் 24 பெற்று வெல்கிறார். அவருடைய மிகுதி 7 மூன்றாமவருக்குச் சேர, 14 ஆக இருந்த அவர் 21 ஆகி வெல்கிறார். சி பிளாக் வேட்பாளருக்கு அவர்களுடைய 17 வீடும் வாக்களித்தால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். பி பிளாக்கில் இருவர் நின்று 16, 12 என்று ஓட்டைப் பிரித்துக்கொண்டாலும் கெட்டுப்போவதில்லை. கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும்போது மற்றவர் வென்றுவிடுகிறார்.

முடிவு: ஏ பிளாக்குக்கு மூன்று, பி-க்கு ஒன்று, சி-க்கு ஒன்று. பெரும்பான்மை பெரும்பான்மையாகவே இருக்கிறது. சிறுபான்மைக்கும் ஒரு நாற்காலி கிடைக்கிறது.

இந்த யோசனையின் வேரும் ஒரு சிறு குழுவின் தேர்தலில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தாமஸ் ரைட் ஹில் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களின் குழுவைத் தேர்ந்தெடுக்க இதன் ஆரம்ப வடிவத்தைக் கையாண்டார். மாணவர்கள் தமக்குப் பிடித்த வேட்பாளர் அருகில் போய் நிற்க வேண்டும். ஒருவரிடம் தேவைக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் மிகுதியானவர்கள் நகர்ந்து வேறொருவரிடம் போகலாம். அவருடைய மகன் ரோலண்ட் ஹில்தான் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் முறையைக் கொண்டுவந்தவர். 1840-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகராட்சியின் முதல் தேர்தலுக்குத் தந்தையின் யோசனையை ஒட்டிய ஏற்பாடு அமைந்ததற்கும் அவரே காரணம்.

டெர்ரியில் மாறிய மேயர்

ஸ்லைகோவின் முடிவைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு, அதே 1919-ல் அயர்லாந்தின் எல்லா உள்ளாட்சித் தேர்தல்களுக்கும் இம்முறையை விரிவாக்கியது. ஷின் ஃபெயின் எல்லா மன்றங்களையும் வாரிக்கொள்ளாமல் தடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. சாதாரண மக்களுக்கு 1, 2, 3 எழுதத் தெரியுமா என்று சிலர் கவலைப்பட்டார்கள். 1920 ஜனவரியில் நகரங்களில் தேர்தல் நடந்தபோது, அஞ்சிய அளவுக்குச் செல்லாத ஓட்டுகள் விழவில்லை.

வடக்கே டெர்ரி என்ற ஊருக்கு அந்தத் தேர்தல் பெரிய திருப்பம். ஊரின் பெயரிலேயே சண்டை உண்டு. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் அதை லண்டன்டெர்ரி என்பார்கள், அயர்லாந்து தேசியவாதிகள் டெர்ரி என்பார்கள். யூனியனிஸ்டுகள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள், தேசியவாதிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். நகராட்சி அதுவரை யூனியனிஸ்டுகள் கையிலேயே இருந்தது. 1920-ல் 40 இடங்களில் தேசியவாதத் தரப்பினர் 21, யூனியனிஸ்டுகள் 19 என்று முடிவு வந்தது. ஹியூ ஓ'டோஹர்ட்டி மேயரானார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் ஒரு கத்தோலிக்கர் உட்கார்ந்ததில்லை.

அது நீடிக்கவில்லை. 1921-ல் அயர்லாந்து பிரிந்தது. வடக்கு அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்தது, அதில் யூனியனிஸ்டுகளுக்கு நிலையான பெரும்பான்மை. அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, 1922-ல் உள்ளாட்சித் தேர்தல்களில் விருப்ப வரிசை வாக்கை ஒழித்தது. டப்ளினில் இருந்து எதிர்ப்பு வந்ததால் லண்டன் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தரச் சில வாரங்கள் தயங்கியது. பிறகு தந்துவிட்டது. வார்டு எல்லைகளும் மாற்றி வரையப்பட்டன. டெர்ரி நகராட்சி மீண்டும் யூனியனிஸ்டுகள் கைக்குப் போனது.

வீடும் ஓட்டும்

அடுத்து நடந்ததை எண்களில் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். டெர்ரியை மூன்று வார்டுகளாகப் பிரித்திருந்தார்கள். 1969-ல் வெளிவந்த கேமரன் விசாரணை ஆணையத்தின் அறிக்கை 1967-ன் கணக்கைத் தருகிறது.

வடக்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர்கள் 2,530, மற்றவர்கள் 3,946. எட்டு இடமும் யூனியனிஸ்டுகளுக்கு.

வாட்டர்சைடு வார்டில் கத்தோலிக்கர்கள் 1,852, மற்றவர்கள் 3,697. நான்கு இடமும் யூனியனிஸ்டுகளுக்கு.

தெற்கு வார்டில் கத்தோலிக்கர்கள் 10,047, மற்றவர்கள் 1,138. எட்டு இடமும் எதிர்த்தரப்புக்கு.

கூட்டிப் பாருங்கள். ஊரில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429, மற்றவர்கள் 8,781. மன்றத்தின் 20 இடங்களில் யூனியனிஸ்டுகளுக்கு 12, எதிர்த்தரப்புக்கு 8. மத அடிப்படையில் வாக்குகள் விழுந்தன என்று கொண்டால், ஊர் முழுவதையும் சேர்த்து விகிதப்படி பங்கிடும்போது இந்த 12-ம் 8-ம் இடம் மாறி இருக்க வேண்டும். தெற்கு வார்டில் பத்தாயிரம் பேரை ஒன்றாகக் குவித்துவிட்டால், அங்கே எத்தனை ஆயிரம் ஓட்டு கூடுதலாக விழுந்தாலும் கிடைப்பது எட்டு இடம்தான். மிகுதி ஓட்டு வேறெங்கும் மாறாது, வார்டுக்குள்ளேயே வீணாகும். விருப்ப வரிசை முறை இருந்திருந்தால் ஒவ்வொரு வார்டிலும் சிறுபான்மைக்குரிய பங்கு கிடைத்திருக்கும். இப்படி எல்லை போடுவதில் லாபமே இருந்திருக்காது.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் அவருடைய துணைக்கும் மட்டுமே ஓட்டு. பெற்றோர் வீட்டில் வசிக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கு இல்லை, உள்வாடகைக்கு இருப்பவருக்கும் இல்லை. நிறுவனங்களுக்கோ ஆறு ஓட்டுவரை உண்டு. பிரிட்டன் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இந்த ஏற்பாட்டைக் கைவிட்டிருந்தது. வடக்கு அயர்லாந்து விடவில்லை.

இதன் விளைவு என்ன? நகராட்சி ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும். எந்த வார்டில் வீடு கட்டுகிறோம், அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் தேர்தல் கணக்காகிவிட்டது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வடக்கு வார்டிலோ வாட்டர்சைடிலோ வீடு கொடுத்தால் பெரும்பான்மை ஆட்டம் காணும். எனவே தெற்கு வார்டுக்குள்ளேயே நெருக்கிக் கட்டினார்கள். அங்கே நிலம் தீர்ந்தபோது கட்டடங்கள் மேல்நோக்கி எழுந்தன. 1966-ல் போக்சைடு பகுதியில் எழுந்த ரோஸ்வில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்னணி அதுதான். பக்கவாட்டில் விரிய இடமிருந்தும், ஓட்டுக் கணக்கு ஒரு சமூகத்தை மாடி மேல் மாடியாக அடுக்கியது.

1968-ல் டெர்ரியில் வீட்டு வசதி கேட்டுப் போராட்டங்கள் தொடங்கின. அக்டோபர் 5 அன்று தடையை மீறி நடந்த குடியுரிமைப் பேரணியைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. அந்தப் படம் தொலைக்காட்சியில் உலகெங்கும் போனது. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பது போராடியவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதை விரைவிலேயே அரசும் ஏற்க வேண்டிவந்தது. டெர்ரி நகராட்சியையே கலைத்துவிட்டு 1969-ல் ஓர் ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள், வாக்குரிமையையும் விரிவாக்கினார்கள். ஆனால் காலம் கடந்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் போக்சைடில் மூன்று நாள் கலவரம். பிறகு முப்பது ஆண்டு வன்முறை, மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிரிழப்பு.

இதையெல்லாம் ஓட்டு எண்ணும் முறை ஒன்றின் தலையில் கட்டுவது சரியாகாது. மதம், நாடு, வேலை, போலீஸ் என்று பல காரணங்கள் பின்னிக் கிடந்தன. ஆனால் மன்றத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய வீட்டுப் பிரச்சினை தெருவுக்கு வந்ததற்கு ஒரு காரணம், மன்றத்துக்குள் பேசிப் பயனில்லை என்று மக்கள் முடிவு கட்டியதுதான்.

திரும்பி வந்த முறை

தெற்கே, அயர்லாந்துக் குடியரசில், நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உள்ளாட்சிக்கும் இம்முறை தொடர்ந்தது. ஆளுங்கட்சிக்கு அது தொந்தரவாக இருந்ததால், நாடாளுமன்றத் தேர்தலில் அதை ஒழிக்க 1959-லும் 1968-லும் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பார்த்தது. மக்கள் இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். 1968 வாக்கெடுப்பு நடந்தது அக்டோபர் 16 அன்று, டெர்ரி பேரணிக்குப் பதினோரு நாள் கழித்து. இந்தத் தடவை எதிர்ப்பு அறுபது சதவீதத்தைத் தாண்டியது.

வடக்கு அயர்லாந்தில் 1973 மே 30 அன்று உள்ளாட்சித் தேர்தல் மீண்டும் விருப்ப வரிசை முறையில் நடந்தது. இன்றுவரை அதுவே நீடிக்கிறது. டெர்ரியின் புதிய மன்றத்தில் எல்லாத் தரப்புக்கும் இடம் கிடைத்தது. முதல் மேயர் தேசியவாதத் தரப்பைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு மேயர் பதவி யூனியனிஸ்ட் ஒருவரிடம் போனது. சுழற்சி முறையில் பதவியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அங்கே வேர்விட்டது. வெளியே குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்துவிட்டு, 1916 எழுச்சியை அடுத்து அயர்லாந்தை விட்டு வெளியேற நேர்ந்த இந்திய இளைஞர் ஒருவர் இருந்தார். வி.வி. கிரி. 1969 ஆகஸ்டில், போக்சைடு கலவரம் நடந்த அதே வாரத்தில், அவர் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலைச் சந்தித்தார். வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. யாரும் தேவையான அளவைத் தொடவில்லை. மற்ற வேட்பாளர்களை நீக்கி அடுத்த விருப்பங்களை எண்ணிய பிறகு கிரி 4,20,077 பெற்று வென்றார். நாட்டின் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் இப்படித் தேர்ந்தெடுக்கும் நாம், வார்டு கவுன்சிலரை மட்டும் இப்படித் தேர்ந்தெடுப்பதில்லை.

குறைகளும் உண்டு

எண்ண நேரமாகும். அயர்லாந்தில் சீட்டுகளைக் கையால் எண்ணி முடிக்கச் சில சமயம் நாள்கணக்கில் ஆகும். 2002-ல் மின்னணு இயந்திரத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். நம்பிக்கை வராததால், வாங்கிய இயந்திரங்கள் கிடங்கில் கிடந்து கடைசியில் பழைய சாமானாகப் போயின. கண்ணெதிரே சீட்டு மாறுவதைப் பார்க்கவே மக்கள் விரும்பினார்கள். சீட்டில் பெயர் முதலில் இருப்பவருக்குச் சிறு சாதகம் உண்டு என்பதும் அங்கே பலகாலமாகத் தெரிந்த விஷயம். ஒரு வார்டுக்கு ஒரே இடம் என்றால் இந்தப் பங்கீடு நடக்காது, பல இடங்களைச் சேர்த்து நிரப்பினால்தான் பலன்.

நூறு வீட்டுக் குடியிருப்புக்கு இவை பெரிய தடைகள் அல்ல. நூறு சீட்டுகளைக் கம்யூனிட்டி ஹாலில் எல்லார் முன்னிலையிலும் ஒரே மாலையில் எண்ணி முடித்துவிடலாம். பெயர் வரிசையைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கலாம். செயற்குழுத் தேர்தலுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சங்கத் துணை விதிகளைத் திருத்த வேண்டும். அதற்கு முன் ஒத்திகையாகப் பொங்கல் விழாக் குழுவையோ தோட்டக் குழுவையோ இப்படித் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் யாராவது இதை எழுப்பினால், பேசத் தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் உங்கள் குடியிருப்பின் பிளாக் வாரியான வீட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள். மொத்த வீடுகளைக் கமிட்டி இடங்களோடு ஒன்று கூட்டி வகுத்து, அடுத்த முழு எண்ணை எடுங்கள். உங்கள் பிளாக்கில் அத்தனை வீடு இருக்கிறதா? இருந்தும் கமிட்டியில் இதுவரை உங்கள் பிளாக்குக்கு ஓர் இடம்கூட வந்ததில்லை என்றால், பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.